கூப்பிட்டது கேளாத எட்டு மாதம்

செம்பாறைக்குளம் பேரூராட்சியில் வேண்டா அழைப்புத் தடைச் சட்டம் அமலுக்கு வந்த அன்று காலையில், அலுவலகத்துக்குக் கிளம்பித் தெருவில் இறங்கிவிட்ட ஆவுடைத்தங்கத்தை அவள் புருஷன் நயினார் வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டான். எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்டது, தெருமுனையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த குத்தாலத்துக்குக் கேட்டது, கழுநீர்த் தொட்டியில் வாய் வைத்திருந்த மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது, ஆவுடைக்கு மட்டும் கேட்கவில்லை.

பின்னாலேயே ஓடிவந்து தோளைத் தொட்டு, அவள் மறந்துவிட்டுப்போன தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்தபோது நயினாருக்கு மூச்சு வாங்கியது.

“காது அடைச்சிருக்கா உனக்கு? தெருவே திரும்பிப் பாக்கு, நீ பாட்டுக்குப் போறே.”

“நீங்க எப்பக் கூப்பிட்டீங்க? ஒரு சத்தமும் வரலியே.”

தொட்ட பிறகு, முகத்தைப் பார்த்த பிறகு, அவன் பேசியதெல்லாம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. கூப்பிட்டது மட்டும்தான் வந்து சேரவில்லை. அன்று மத்தியானத்துக்குள் ஊரில் இன்னும் பலருக்கு அப்படியே நடந்தது: மாவு மில்லில் பேர் சொல்லிக் கூப்பிட்டும் மூன்று பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், மச்சினன் கூப்பிட்டது கேட்காமல் ஒருவன் பஸ்ஸில் ஏறிப் போனான், கோயில் வாசலில் ஒருத்தி தன் தங்கையை ஊரே திரும்பும்படி கத்தினாள், தங்கை செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. கூப்பிடக் கூடாது என்று சர்க்காரிடம் எழுதிக் கொடுத்தால் கூப்பிடுவது கேட்காது, அதில் என்ன இருக்கிறது என்று குத்தாலம் டீக்கடையில் சொன்னார், கேட்டவர்கள் ஆமாம் என்றார்கள்.

அதற்கு முந்தைய இரண்டு வருஷம் அந்த ஊர் போனால் பட்ட பாட்டைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. மனை வாங்கு, கடன் வாங்கு, காப்பீடு எடு என்று எல்லா ஊரையும் கூப்பிட்ட குரல்கள்தான் செம்பாறைக்குளத்தையும் கூப்பிட்டன. ஆனால் செம்பாறைக்குளத்தைக் கூப்பிட்ட குரல்களுக்கு அந்த ஊரைத் தெரிந்திருந்தது. உட்கார முடியாத வேதனையைப் பெண்டாட்டியிடம்கூட ஒழுங்காகச் சொல்லாமல் நின்றுகொண்டே டீ ஆற்றிய குத்தாலத்துக்கு மூலத்துக்கு லேகியம் விற்கிற குரல் வந்தது. தங்கராசு வாத்தியார் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோன நாலாம் நாள், மனம் தளர வேண்டாம், எங்களிடம் நல்ல வரன்கள் இருக்கின்றன என்று அவருக்கு ஒரு குரல் வந்தது. பல் கட்டப் பயந்தவனுக்குப் பல், முடி கொட்டியவளுக்கு எண்ணெய், பரீட்சையில் தோற்றவன் வீட்டுக்குத் தனிப்பயிற்சி. யாரோ ஒருத்தர் உள்ளிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. கேபிள்காரனைச் சந்தேகப்பட்டார்கள், ரேஷன் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார்கள், அவரவர் சம்பந்தி வீட்டைச் சந்தேகப்பட்டார்கள். அடுத்த வீட்டில் யாராவது போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால் இந்த வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஆவுடைக்கு வந்த அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முதல் இரண்டு தடவையும் குறைமாதத்திலேயே கலைந்துபோனதால் மூன்றாவது தடவை வயிற்றில் இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் ஐந்தாம் மாதத்தில் போன பிறகு, டைபாய்டு என்று அலுவலகத்துக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். தெரிந்தது இரண்டே பேருக்கு: கூட இருந்த நயினார், திருநெல்வேலிக்கு வண்டி ஏற்றிவிட்ட ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஜெபமணி. வீடு திரும்பிய ஒன்பதாம் நாள் துணி அலசிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு போனை எடுத்தாள். “மேடம், மூணு முறை தங்காமப் போனவங்களுக்கு எங்க கருத்தரிப்பு மையத்துல சிறப்புச் சலுகை இருக்கு” என்று ஒரு பெண் குரல் பாட்டுப் பாடுவது போலச் சொன்னது. போன் வாளிக்குள் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. தண்ணீருக்கடியில் அது அணைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாளே ஜெபமணி வீட்டுக்குப் போய் வாசலில் நின்று கேட்டாள். ஊரில் அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி ஜெபமணிதான். பத்து வயது மூத்தவள்.

“நான் எதுக்குட்டி சொல்லப் போறேன்? என் ரிஜிஸ்தர்லகூட உன் பேரை எழுதலை.”

“அப்ப காத்தா வந்து சொல்லிச்சு, யக்கா?”

அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு சுகாதார நிலையம் இருக்கிற தெரு வழியாக ஆவுடை நடக்கவே இல்லை, சுற்றிக்கொண்டு போனாள்.

சட்டம் வந்தபோது அதனால்தான் அவள் அவ்வளவு வேகமாக வேலை செய்தாள். பேரூராட்சியில் அவள் கணினிப் பணியாளர். மாசி மாதம் சமுதாயக் கூடத்தில் பதிவு முகாம் போட்டு, இரண்டு நாளில் ஆயிரத்துச் சொச்சம் பேரின் எண்களை அவள் ஒருத்தியே தட்டச்சு செய்து பட்டியலில் ஏற்றினாள். முழுத் தடையா, பகுதித் தடையா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் முழுத் தடை என்றார்கள். ஏழாம் நாள் தடை அமலுக்கு வந்து போன்கள் ஓய்ந்தன. அதே ஏழாம் நாள்தான் தெருவில் கூப்பிடுகிறதும் கேட்காமல் போனது.

எல்லாக் கூப்பாடும் கேட்காமல் போகவில்லை என்பதுதான் ஊருக்கு வந்த வினை. எல்லாமே கேட்காமல் போயிருந்தால் கைதட்டியும் கல்லெறிந்தும் ஊர் பழகியிருக்கும். சில அழைப்பு கேட்டது, சில அழைப்பு கேட்கவில்லை; வேண்டா அழைப்பு என்று சட்டத்தின் பேரிலேயே இருந்ததால், கேட்காமல் போனவன் வேண்டாதவன் என்று ஊர் தானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டது. அண்ணன் கூப்பிட்டது தம்பிக்குக் கேட்கவில்லை என்றால் தம்பி மனசில் அண்ணன் இல்லை. மாமியார் கூப்பிட்டது மருமகளுக்குக் கேட்டுவிட்டால் அந்த வீட்டைத் தெருவே பொறாமையோடு ஒரு பார்வை பார்த்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, பெண்ணைத் திரும்பி உட்காரச் சொல்லி, மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார்கள். அப்படி இரண்டு சம்பந்தம் முறிந்தது. கூட்டாளிகள் ஒருவர் பின்னால் ஒருவர் போய் நின்று மெதுவாகப் பேர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது தாய்மார்கள் அடுப்படியிலிருந்து கூப்பிடவில்லை; கூடத்துக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள், கூப்பிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சர்க்கார் அழைப்புகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருந்தபடியால், தண்ணீர் வரி கட்டச் சொல்லி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்த ஆட்டோ மட்டும் எல்லா வீட்டிலும் எல்லார் காதிலும் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஆவுடைதான் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நம்பர் போடுகிற இடத்தில் பேரைப் போட்டுவிட்டாள், வேண்டுமென்றே செய்தாள், தான் கெட்டால் ஊரும் கெடட்டும் என்று நினைக்கிறாள் என்று பேசினார்கள். அவள் பட்டியலை மூன்று தடவை சரிபார்த்தாள்; எண்கள் எண்களாகத்தான் இருந்தன. ஆனால் அதைவிடப் பெரிய பேச்சு ஒன்று அவளைப் பற்றி ஓடியது, அதை அவளால் எந்தப் பட்டியலிலும் சரிபார்க்க முடியவில்லை. செம்பாறைக்குளத்தில் பெண்டாட்டிக்கு ஒரு தடவைகூடக் கேட்காத புருஷன் நயினார் ஒருவன்தான். மற்ற வீடுகளில் பத்துக்கு நாலாவது கேட்டது. நயினார் செல் கடையும் ஜெராக்ஸும் வைத்திருந்தவன், யாரிடமும் முகம் சுளிக்காதவன், போன் தெரியாத கிழடுகட்டைகளுக்குப் பொறுமையாக நம்பர் சேர்த்துக் கொடுக்கிறவன். அவன் வாசலில் நின்று கூப்பிடுவதும், அவள் நடந்துகொண்டே இருப்பதும், அவன் பின்னால் ஓடுவதும் ஒவ்வொரு நாளும் தெரு பார்க்கிற காட்சியாகிவிட்டது.

“எப்பேர்ப்பட்ட மனுசன்,” என்றாள் எதிர்வீட்டுக்காரி, ஆவுடைக்குக் கேட்கும்படியே. “அவளுக்கு மனசுல வேற என்னமோ ஓடுது.”

ஆவுடைக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று பிள்ளை போன பிறகும் ஒரு வார்த்தை குத்திப் பேசாத மனிதனைத் தனக்குத் தெரியாமலே தான் வெறுக்கிறோமோ என்று, சோறு வடிக்கும்போதும் கோப்பு அடுக்கும்போதும் தன்னையே வேவு பார்த்தாள். அவன் சட்டையை மடித்து வைக்கிற தன் கையைப் பார்த்தாள், அதில் அலட்சியம் இருக்கிறதா என்று. அவன் சாப்பிடும்போது அவனைப் பார்த்து, எனக்கு இவன் வேண்டும், எனக்கு இவன் வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலையில் அவன் கூப்பிட்டது கேட்கவில்லை. ஒரு நாள் அவள் அழுதுகொண்டே, “நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணுதேன்” என்றாள். நயினார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தான், அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான், “நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

ஐப்பசியில் ஊர் கூடி ஒரு மனு எழுதியது, தடைப் பட்டியலிலிருந்து எங்கள் பேரையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று. முந்நூறு கையெழுத்து இருந்தது. செயல் அலுவலர் சட்டத்தின் முழு அறிவிக்கையையும் ஆவுடையிடம் கொடுத்து, இதைப் படித்து விதி எண் போட்டுப் பதில் தட்டச்சு செய்யுங்கள் அம்மா என்றார். நாற்பது பக்கம். முகாமுக்கு முன்னால் அவளுக்குப் படிவம் மட்டும்தான் வந்திருந்தது, அறிவிக்கையை யாரும் தரவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது: அழைப்பவர், அழைப்பின் தொடக்கத்திலேயே தாம் யார் என்பதையும் எதன் பொருட்டு அழைக்கிறார் என்பதையும் மறைக்காமல் தெரிவித்தல் வேண்டும், நோக்கம் மறைக்கப்பட்ட எந்த அழைப்பும், பெறுபவரின் விருப்பம் எதுவாயினும், வேண்டா அழைப்பாகவே கொள்ளப்படும்.

பெறுபவரின் விருப்பம் எதுவாயினும் என்பதை அவள் விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். குத்தாலத்துக்கும் அவர் தம்பிக்கும் பத்து வருஷமாகப் பேச்சு கிடையாது, வாய்க்கால் தகராறு. போன மாதம் தம்பி நடுத்தெருவில் நின்று, ஏய் குத்தாலம், உன்னை நாறடிக்கத்தான்டே வந்திருக்கேன் என்று கூப்பிட்டபோது, டீக்கடைக்குள் முதுகு காட்டி நின்ற குத்தாலம் சட்டென்று திரும்பினார். திட்ட வந்தவர்கள் கூப்பிட்டது எல்லாருக்கும் எப்போதும் கேட்டிருக்கிறது. அதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

கோப்பை மூடிவிட்டு நேராக டீக்கடைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, நான் திரும்பி நிக்கேன். என்னைக் கூப்பிடுங்க.”

“எதுக்கு தாயி?”

“கூப்பிடுங்களேன்.”

அவள் திரும்பி நின்றாள். ரோட்டில் ஒரு லாரி போனது. கடையில் இருந்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள், கேட்கவில்லை என்று.

“என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?”

“டீ குடிக்க வா தங்கச்சின்னு.”

“நெசமா எனக்கு டீ குடுக்கவா கூப்பிட்டீங்க? மனசுல என்ன இருக்கோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

குத்தாலம் கடையில் இருந்தவர்களைப் பார்த்தார், கல்லாவைப் பார்த்தார், காதைச் சொறிந்தார். ஆவுடை மறுபடியும் திரும்பி நின்றாள், இந்த முறை அவர் குரல் முதுகில் தட்டியது போல வந்தது: “ஆவுடை, நான் குத்தாலம், கடைக்குப் பின்னால ரெண்டடி தள்ளிக் கட்டிட்டேன், அதை ஆபீஸ்ல நீ கண்டுக்கக் கூடாது, அதுக்குத்தான் உன்னை டீ குடிக்கக் கூப்பிடுதேன்.”

பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள், வேறு வேலை ஞாபகம் வந்தது போல. எட்டு மாதமாக யார் கூப்பிட்டது தனக்குக் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இப்போது தான் கூப்பிட்டது யாருக்கெல்லாம் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஆவுடைக்குக் கால் வீட்டுப் பக்கம் எழவில்லை. ஆவுடை, சாப்பிட வா. ஆவுடை, குடையை விட்டுட்டுப் போறே. ஆவுடை, பூ வாங்கிட்டு வந்திருக்கேன். எட்டு மாதம் இதைத்தான் அவன் கூப்பிட்டிருக்கிறான், கேட்டவர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டிலும் குடையிலும் பூவிலும் ஒரு மனிதன் எதை மறைக்க முடியும்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நயினார் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவள் அறிவிக்கையின் பத்தொன்பதாம் பக்கத்தை அவன் முன்னால் வைத்தாள், அவன் படித்து முடிக்கிறவரை நின்றாள், பிறகு அவனுக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

“கூப்பிடுங்க. எதுக்குன்னு சொல்லிக் கூப்பிடுங்க. கேக்குற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

அவளுக்குக் குக்கர் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் தகரத்தில் நடப்பது கேட்டது. அவன் பேசுகிறானா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கேட்டுவிடும், முகம் பார்த்துக் கேட்டால் மெய்யும் பொய்யும் ஒன்றாகவே கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குக்கர் அடங்கியது. வெயில் ஜன்னல் கம்பியிலிருந்து தரைக்கு இறங்கியது. அவன் எழுந்து போய்விட்டான் என்றே அவள் நினைத்தபோது, எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தன் பேர் பின்னாலிருந்து வந்து காதில் விழுந்தது.

“ஆவுடை. நான் நயினார். நம்ம விஷயத்தைப் போன்ல ஒரு பொண்ணுகிட்டச் சொன்னது நான்தான்.”

அவள் திரும்பவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான், எல்லாம் கேட்டது. ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்னால் மத்தியானம் ஆளில்லாத கடையில் காப்பீடு விற்க ஒரு பெண் கூப்பிட்டாள். வேண்டாம் என்றதும் வைக்காமல், ஏனுங்கண்ணா குரல் ஒரு மாதிரி இருக்குது என்று கேட்டாள். அப்போது ஆவுடைக்கு இரண்டாவதும் போயிருந்த சமயம், வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று ஆவுடை சொல்லியிருந்தாள், ஆம்பிளைகளிடம் போய் அதைச் சொல்லி அழ முடியாது, அவன் அந்தக் குரலிடம் சொன்னான். அவள் மறுநாளும் கூப்பிட்டாள். வீட்டு விஷயம் தீர்ந்த பிறகு ஊர் விஷயம் சொன்னான், குத்தாலம் நின்றுகொண்டே டீ ஆற்றுவதை, வாத்தியார் மகள் கதையை. எதையாவது சொன்னால்தான் அவள் போனை வைக்க மாட்டாள் என்று இருந்தது. நம்பர் கேட்டாள், கொடுத்தான். மூன்றாவதும் போனதையும் அவளிடம் சொன்னான். அவள் அதையெல்லாம் எழுதிக்கொள்கிறாள் என்று, ஆவுடையின் போன் வாளிக்குள் விழுந்த அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது.

“நீ ஜெபாக்காகிட்டச் சண்டைக்குப் போனப்ப நான் நம்ம வாசல்லதான் நின்னேன். வாயைத் திறக்கலை. அதுக்கப்புறம் நான் உன்னை எதுக்குக் கூப்பிட்டாலும், நீ தெரிஞ்சுக்கிட்டியா இல்லியான்னு உன் முகத்தைப் பாக்கத்தான் கூப்பிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதுக்குத்தான்.”

“ஊரெல்லாம் என்னைப் பேசிச்சே,” என்றாள் ஆவுடை, ஜன்னலைப் பார்த்தபடியே. “நான் உங்களை வேண்டாம்னு நெனைக்கேன்னு. நானே அப்படி நம்பிட்டேனே. அதையும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

“பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு வருஷமாகப் போகாத தெரு வழியாக ஜெபமணி வீட்டுக்குப் போனாள். காகிதப்பூ படர்ந்த கேட்டுக்கு வெளியே நின்று, யக்கா, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் என்றாள். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த ஜெபமணி நிமிரவில்லை. ஆவுடை கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள்: யக்கா, நான் ஆவுடை, உங்க மேல பழி போட்டேன், சொன்னது நீங்க இல்ல, எம் புருஷன், அதைச் சொல்லத்தான் வந்தேன், உங்ககிட்டத் திரும்ப ஒட்டிக்கணும்னும் வந்தேன்.

ஜெபமணி வாசலுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“கேட்டுச்சு,” என்றாள். “ஆனா உள்ள வான்னு சொல்ல எனக்கு இன்னும் வாய் வரலை, ஆவுடை. புதன்கிழமை வா. அன்னிக்கு எனக்கு டூட்டி இல்ல.”

அன்று சாயங்காலமே நயினார் டீக்கடையில் நின்று எல்லார் முன்னாலும் சொன்னான். யாரும் கை ஓங்கவில்லை. குத்தாலம் கண்ணாடித் தம்ளரை நிதானமாகக் கழுவிக் கவிழ்த்தார், அதற்குப் பிறகு நயினாருக்கு அந்தக் கடையில் டீ கிடைக்கவில்லை. ரீசார்ஜ் செய்ய ஆட்கள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போனார்கள். தங்கராசு வாத்தியார் மட்டும் கடைக்கு வந்து, என் மகளைப் பத்தி வேற என்ன சொன்னே என்று கேட்டார். அவ நல்லாப் பாடுவான்னு சொன்னேன் சார் என்றான். அவர் மறுபடி, வேற என்ன என்றார்.

மனுவை ஊர் திரும்ப வாங்கவும் இல்லை, விடாமல் தொடரவும் இல்லை. அது அலுவலகத்தில் கிடந்தது. ஜனங்கள் புது மாதிரியாகக் கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள். மதினி, நான் உங்களைப் பாக்க வரல, ஏணிக்கு வந்தேன் என்றார்கள். மாப்ள, உன் புது வண்டியைப் பாத்துட்டு வயிறெரியத்தான் வாரேன் என்றார்கள், கேட்டது, கேட்டவன் சிரித்தான் அல்லது கதவைச் சாத்தினான். சந்தேகம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை, வீடு மாறிக்கொண்டது: கேட்காத அழைப்பைச் சந்தேகப்பட்ட காலம் போய், இப்போது கேட்கிற அழைப்பைச் சந்தேகப்பட்டார்கள், இவ்வளவு சுலபமாகக் கேட்கிறதே, இன்னும் அடியில் என்ன வைத்திருக்கிறான் என்று. சில வீடுகளில் யாரும் யாரையும் கூப்பிடுவதே இல்லை, எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறதே.

ஆவுடையும் நயினாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அவன் கூப்பிட்டால் இப்போது அவளுக்குக் கேட்டது. சில நாள் திரும்பினாள், சில நாள் கேட்டும் நடந்தாள். புதன்கிழமைகளில் ஜெபமணி வீட்டுக்குப் போனாள், மூன்றாவது புதன்கிழமை கேட் திறந்திருந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், அலுவலகத்து ஜெராக்ஸ் மிஷின் கெட்டுப்போய், ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் புருஷன் கடைக்கே போக வேண்டியிருந்தது. அவன் மிஷினைத் திறந்து கைமுட்டி வரை கறுப்பு மையோடு நின்றபோது கடைப் போன் அடித்தது. தெரியாத எண். ஒரு வருஷமாக அந்த ஊரில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போனும் வந்ததில்லை. நயினார் தன் கைகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் எடுத்தாள்.

“அக்கா, வெச்சுராதீங்க. எம் பேரு சுகந்தி. நான் எதையும் விக்கறதுக்குக் கூப்பிடலீங்க, எந்தக் கம்பெனிலயும் இப்ப இல்லீங்க. அண்ணன் சொன்னதையெல்லாம் எழுதிக் குடுத்தது நான்தான். அந்த ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு உங்க நம்பரை அனுப்பினதும் நான்தான். அதைச் சொல்லத்தானுங்க கூப்பிட்டேன்.”

ஆவுடை காத்திருந்தாள். இத்தனை பணிவுக்குப் பின்னால் ஏதாவது ஒன்று வரும், ஒரு மருந்து வரும், ஒரு சலுகை வரும், அழுகை வந்தால் அதற்குப் பின்னால் ஒரு விலை வரும் என்று காதை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுமுனையில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

“வேற என்ன?”

“வேற ஒண்ணுமில்லீங்கக்கா.”

“என்ன எழுதிக் குடுத்தே? அப்படியே சொல்லு.”

அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “ஆவுடைத்தங்கம், முப்பத்தாறு, மூணு முறை தங்கலை, தொடர்ந்து கூப்பிடலாம்.”

நயினார் கறுத்த கையை மிஷின் மேலேயே வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

“அதை அழிச்சாச்சா?”

“கம்பெனியை மூடிட்டாங்கக்கா. எங்க இருக்குதுன்னே தெரியலீங்க. யார் யாருகிட்டப் போச்சோ.”

“சரி. பேனா இருக்கா உங்கிட்ட?”

“இருக்குதுங்க.”

“எழுதிக்கோ. தங்கலைன்னு எழுதினது தப்பு. மூணாவது அஞ்சாம் மாசம் பிறந்துச்சு. பொம்பளப் பிள்ளை. என் கையில குடுத்தாங்க, துண்டுல சுத்தி. பேரு வடிவு.” ஆவுடை நிறுத்தினாள். அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. நயினார் நிமிர்ந்து, அதுவரை அவளை எங்கேயும் பார்த்திராதவனைப் போலப் பார்த்தான். “வ, டி, வு. எழுதிட்டியா?”

“எழுதிட்டேனுங்கக்கா.”

“படி, பாப்போம்.”

சுகந்தி அதைப் படிக்கத் தொடங்கினாள்.